கர்ப்பகால நீரிழிவு: போடிநாயக்கனூரும் ஏல மலைச்சரிவுகளும்

கர்ப்பகால நீரிழிவு என்பது, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலை மட்டுப்படுத்துவதால் கருவுற்ற காலத்தில் இரத்தச் சர்க்கரை மிகுவதாகும். சென்னை மருத்துவர் வீ. சேஷையா முன்னெடுத்த சோதனையில், 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடித்து 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமை எட்டினால் நோய் உறுதியாகிறது. வெறும் வயிற்றோடு வரவேண்டிய கட்டாயமில்லை என்பது, விடியலில் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களுக்குப் பேருதவி. இனிப்புத் தேநீரோடு கிளம்பி, நெடுநேரம் கழித்துத் தூக்குச்சட்டிச் சோற்றை ஒரேயடியாக உண்டால் சர்க்கரை சட்டென ஏறும். ஆகவே சோற்றைக் குறைத்து, சுண்டல், முட்டை, கீரை சேர்த்து, 3 வேளை உணவையும் இடைச் சிற்றுண்டிகளையும் பிரித்துண்பதே முதல் சிகிச்சை. 2 வாரத்தில், உணவுக்கு 2 மணி நேரத்துக்குப் பின் அளவு 120-க்குக் கீழ் இறங்காவிடில் மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். இன்சுலின் போடுபவர் உணவு வேளை தவறினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழுமாதலால், மலையேறும்போது மடியில் வெல்லமோ சர்க்கரையோ வைத்திருத்தல் இன்றியமையாதது.