கீழ்க்கால் எலும்பு இழப்புச் சீரமைப்பு

விபத்திலோ குண்டுவெடிப்பிலோ கீழ்க்கால் எலும்பில் ஒரு பகுதியே இல்லாமல் போனால், அந்த இடைவெளியை நிரப்பிக் காலை மறுபடி ஊன்றவைக்கும் அறுவை மருத்துவ முறைகள் இவை. எலும்பு முறிவு வேறு, எலும்பு இழப்பு வேறு. முறிந்த முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், ஆடாமல் பிடித்துவைத்தாலே உடம்பு கூட்டிக்கொள்ளும். புத்தூர்க் கட்டு, மாவுக்கட்டு, பிளேட், ராடு எல்லாம் அடிப்படையில் செய்வது அந்தப் பிடித்துவைக்கும் வேலையைத்தான். நடுவில் நான்கைந்து செ.மீ. எலும்பே இல்லாதபோது பிடித்துவைத்து என்ன ஆகப்போகிறது? 2 செ.மீ.க்கு மேற்பட்ட இடைவெளி தானாகக் கூடாது என்றே பொதுவாகக் கொள்கிறார்கள்.

இந்த இழப்புக்கு அதிகம் ஆளாவது டிபியா. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் விரலால் தடவினால் கத்திமுனைபோலத் தட்டுப்படுவது அதன் விளிம்பு. உடம்பின் எடையைத் தாங்கும் எலும்பு அது. ஆனால் உட்புறத்தில் அதற்குச் சதைப் போர்வையே கிடையாது, தோல் மட்டும்தான். பைக்கிலிருந்து விழுபவரின் காலில் அந்தத் தோல் கிழிந்து எலும்பு வெளியே வருகிறது. மண்ணும் தாரும் உள்ளே போகின்றன.

சில துண்டுகள் சாலையிலேயே போய்விடும். ஆனால் இழப்பில் கணிசமான பங்கு அறுவை அரங்கில், மருத்துவர் தெரிந்தே ஏற்படுத்துவது. ரத்த ஓட்டம் அற்ற எலும்புத் துண்டை உள்ளே விட்டுவைத்தால் அது கிருமிகளின் குடியிருப்பாகும். மாதக்கணக்கில் சீழ் வடியும். ஆகவே உளியால் சீவிப் பார்க்கிறார்கள். உயிருள்ள எலும்பு என்றால் வெட்டிய முகத்தில் மிளகாய்த்தூள் தூவியதுபோலச் சிறு சிறு ரத்தப் புள்ளிகள் அரும்பும். தந்தம்போல் வெளுத்துக் கிடந்தால் அந்தத் துண்டு போக வேண்டியதுதான். இந்த இடத்தில் கை தாராளமாக இல்லாவிட்டால் பின்னால் எந்த முறையைக் கையாண்டாலும் அது நிலைப்பதில்லை.

காலைக் காப்பதா, எடுப்பதா என்ற கேள்வி அதற்கும் முன்னால் வருகிறது. திறந்த முறிவுகளை மூன்று தரமாகப் பிரிக்கும் கஸ்டிலோ–ஆண்டர்சன் வகைப்பாடு 1976 முதல் உலகெங்கும் வழங்குகிறது. அதில் மோசமான மூன்றாம் தரத்துக்குள்ளேயே நிலைமைகள் வெகுவாக வேறுபடுவதால், கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கி 2006இல் வெளியிட்டனர். தோல், எலும்பு, தசை நரம்பு ஆகியவற்றின் சேதத்துக்குத் தனித்தனியே மதிப்பெண். நீரிழிவு போன்ற உடல்நிலைகளுக்குக் கூடுதல் மதிப்பெண். மொத்தம் 14 வரை என்றால் காலைக் காக்கலாம், 17 முதல் எடுப்பதே நல்லது. இடைப்பட்ட 15, 16இல் நோயாளியின் நிலையைப் பார்த்து முடிவு. அமெரிக்காவில் எட்டு விபத்துச் சிகிச்சை மையங்களில் 569 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் வெளியானது. கால் காக்கப்பட்டவர்களும் எடுக்கப்பட்டவர்களும் இரண்டு ஆண்டுகள் கழித்து அன்றாட வாழ்வில் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். காலை எடுப்பதைத் தோல்வி என்றே கருதும் குடும்பங்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

காப்பது என்று முடிவானால், முதலில் எலும்புக்கு மேலே சதை வேண்டும். உடம்பின் வேறிடத்துத் தசையை ரத்தக்குழாயோடு கொண்டுவந்து மூடுகிறார்கள். வார்டில் அதற்கு ‘பிளாப்’ என்று பெயர். அதன் பிறகே, சில சமயம் அதோடு சேர்த்தே, எலும்பு வேலை தொடங்கும்.

பிரெஞ்சு மருத்துவர் அலைன் மாஸ்க்லே 1980களில் கண்டுபிடித்த முறை எளிமையானது. இடைவெளியில் எலும்பு சிமென்டை அடைத்துவைக்கிறார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வை நெய்துவிடும். சவ்வை நறுக்கித் திறந்து, சிமென்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து சுரண்டிய எலும்புத் தூளை அந்தப் பையில் நிரப்பித் தைத்துவிடுகிறார்கள். இன்னொரு வழி, மெல்லிய பக்கத்து எலும்பான ஃபிபுலாவை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து நுண்ணோக்கியின் கீழ் தைத்துப் பொருத்துவது. ஆஸ்திரேலியாவின் இயான் டெய்லர் 1975இல் இதை வெளியிட்டார். எடை தாங்கத் தாங்க அந்த மெல்லிய எலும்பு ஆண்டுகள் போக்கில் தடிக்கும்.

இருக்கும் எலும்பையே வளரவைப்பது சைபீரியாவின் குர்கான் நகரில் பிறந்த முறை. போரிலிருந்து திரும்பியவர்கள் நிறைந்திருந்த அந்தப் பகுதியில் பணியாற்றிய கவ்ரில் இலிசரோவ், 1951இல் தம் வளையக் கருவியை அமைத்தார். காலைச் சுற்றி உலோக வளையங்கள். அவற்றுக்குக் குறுக்கே எலும்பைத் துளைத்துச் செல்லும் மெல்லிய கம்பிகள், சைக்கிள் ஸ்போக்ஸ்போல இழுத்துக் கட்டப்பட்டவை. ஒரு நோயாளி கருவியின் நட்டை எதிர்ப்பக்கம் திருகியதால் விலகிய இடைவெளியில் புது எலும்பு தெரிந்தது என்றொரு கதை உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வாலரி புரூமெல், மறு ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கிப் பல அறுவைகளுக்குப் பின் 1968இல் குர்கானுக்கு வந்தார். அவர் மறுபடி தாண்டியது சோவியத் நாட்டில் இலிசரோவின் பெயரைப் பரப்பியது. மேற்குலகுக்கு வழி திறந்தவர் இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி. கூடாத தம் காலைக் குர்கானில் சரிசெய்துகொண்டு அவர் ஊர் திரும்பியதை அடுத்து, 1981இல் இத்தாலிய மருத்துவர்கள் இலிசரோவை அழைத்தார்கள்.

செய்முறை இதுதான். இடைவெளிக்குத் தள்ளி, நல்ல நிலையில் உள்ள எலும்பின் வெளி ஓட்டை மட்டும் வெட்டுகிறார்கள். ஒரு வாரம்போலக் காத்திருக்கிறார்கள். பிறகு வெட்டிய துண்டை ஒரு நாளைக்கு 1 மி.மீ. வீதம் இடைவெளி நோக்கி நகர்த்துகிறார்கள். துண்டு விட்டுச்செல்லும் தடத்தில் புது எலும்பு விளைகிறது. மரையின் ஒரு சுற்று 1 மி.மீ.; அதை நான்காகப் பிரித்து ஆறு மணிக்கொரு தரம் கால் சுற்று. இதைச் செய்வது மருத்துவர் அல்ல. வீட்டில், தலையணைமேல் கால் நீட்டி அமர்ந்தவரோ அவர் மனைவியோ அம்மாவோ, சிறு ஸ்பானரைக் கொண்டு. 6 செ.மீ. இழப்பென்றால் துண்டு போய்ச் சேரவே 60 நாள். விளைந்தது இறுகுவதற்கு அதைப்போல் இரு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல்.

கஷ்டம் இந்த மாதங்களில்தான். கம்பி நுழையும் ஒவ்வொரு துளையையும் தினமும் துடைக்க வேண்டும். சிவந்து நீர் கசிந்தால் மாத்திரை. பேன்ட் நுழையாது, லுங்கிதான். பாதம் கீழ்நோக்கிச் சரிந்துவிடாமல் பட்டையால் மேலே இழுத்துக் கட்டவேண்டும். ஆனால் வளையத்தோடேயே காலை ஊன்றி நடக்கலாம். நடக்கத்தான் வேண்டும், எடை பட்டால்தான் எலும்பு தடிக்கும். துண்டு போய் மோதும் முனை பல சமயம் கூடுவதில்லை. இடையில் வளர்ந்த நாரைச் சீவி, இடுப்பெலும்புத் தூள் வைக்க இன்னோர் அறுவை வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பின் நான்கு பக்கங்களில் குறைந்தது மூன்று தெளிவாகத் தெரிந்தால் நட்டுகளைத் தளர்த்திச் சில வாரம் நடக்கவிடுகிறார்கள். வலியோ வளைவோ இல்லையென்றால் வளையங்கள் கழற்றப்படும். காலின் இருபுறமும் பொட்டுப் பொட்டாகத் துளைத் தழும்புகள் நிற்கும். உள்ளே புதிதாக விளைந்த எலும்பில் நாளடைவில் மஜ்ஜைக் குழலும் உண்டாகி, எது பழையது எது புதியது என்று எக்ஸ்ரேயில் பிரித்துச் சொல்வதே கடினமாகிவிடும்.