ஒரே தெருவில் மூன்று வாசல்கள்

எல்லாச் சமயங்களும் ஒரே இறைவனிடம்தான் கொண்டு சேர்க்கின்றனவா? தோட்டத்து லயங்களில் மாரியம்மன் பக்தரும் மாதா பக்தரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார்கள். ஆகவே, இது நம் பிள்ளைகள் நம்மிடமே கேட்கக்கூடிய கேள்விதான். இதற்கு மலாக்காவின் வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தனர். பள்ளிவாசலையும் சுல்தான்களின் கல்லறைகளையும் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். 1641-இல் டச்சுக்காரர் வந்தனர். அவர்களும் கிறிஸ்தவர்களே. ஆயினும் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட முடியாதபடி தடுத்தனர். ஒரே வேதத்தை ஓதியவர்களுக்குள்ளேயே இந்தப் பகை!

பின்னர்க் காலம் மாறியது. 1710-இல் கத்தோலிக்கருக்குப் புனித பேதுரு ஆலயம் எழுந்தது. 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் கம்போங் கிளிங் பள்ளிவாசலை மரத்தால் கட்டினர். 1872-இல் அது செங்கல் கட்டடமாயிற்று. 1781-இல், டச்சு அரசு தைவநாயகம் செட்டியிடம் அளித்த நிலத்தில், மலாக்காச் செட்டிகள் பொய்யாத விநாயகர் ஆலயத்தை எழுப்பினர். சற்று நடந்தால் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோயில். பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் எமாசும் அதன் தொடர்ச்சியும் இம்மூன்றையும் இணைக்கின்றன.

அந்தப் பள்ளிவாசலின் மினாராவை உற்றுப் பாருங்கள். சீனக் கோபுரத்தின் சாயல் தெரியும். விநாயகரை வழிபடும் செட்டிகளோ வீட்டில் மலாய் பேசுகிறார்கள். கைவினையும் மொழியும் கலந்தன. வழிபாடு அவரவருடையதாகவே நின்றது.

தமிழகத்து வள்ளலார் சமரசம் பேசியவர். எல்லாருக்கும் பொதுவான இறைவன் ஒருவனே, அவன் அருட்பெருஞ்ஜோதி என்றார். 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கி, சாதி சமயம் கேளாமல் பசித்தவர்க்குச் சோறிட்டார். அவர் கருத்து நம்மில் பலருக்கு உவப்பானது. ஆனால், தம் வழி ஒன்றே உண்மை வழி என்று நம்பும் அண்டை வீட்டாரும் உண்டு. “எல்லாம் ஒன்றுதான், நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள்” என்று அவர்களை நெருக்குவதும் ஒருவகைக் கட்டாயமே அல்லவா?

மலாக்காத் தெருவில் எவரும் அந்தக் கேள்விக்கு முடிவு கண்ட பிறகு கோயில் கட்டவில்லை. முடிவு காணாமலேயே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அருகருகே வாழ்கிறார்கள். 2008-இல் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றபோது, இந்த வழிபாட்டிடங்களும் அதன் பெருமையில் பங்கு பெற்றன.

இறைவன் ஒருவனா என்பதை அவரவர் உள்ளம் ஆராயட்டும். அடுத்தவர் வாசலை அடைக்கக் கூடாது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. பிள்ளைகளை ஒருமுறை அந்தத் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்று வாசல்களையும் காட்டுங்கள்.