சோவியத் கணனியும் நகலின் விலையும்

சோவியத் விஞ்ஞானம் என்றதும் 1961இல் இலங்கைக்கு வந்த ககாரினையே எம்மவர் நினைவுகூருவர். கணனியை அமெரிக்காவின் தனிச்சொத்தெனவே கருதிப் பழகிவிட்டோம். வரலாறு அவ்வாறன்று.

போரினாற் சிதைந்த கியெவ் நகரின் புறத்தே, செர்கெய் லெபெதேவின் குழுவினர் ஏறத்தாழ 6000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு 1951இல் முதற் சோவியத் கணனியை இயக்கினர். பின்னர் பஷீர் ரமேயெவ் 'உரால்' கணனியை வடிவமைத்தார். 'மக்கள் விரோதி'யின் மகனென்று கல்வி நிலையத்தினின்றும் நீக்கப்பட்டவர் அவர்; அதனையும் நாம் மறைத்தலாகாது. அவரது பொறியொன்று 1950களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, மகலனோபிசின் புள்ளியியல் நிறுவனத்திற் பணிபுரிந்தது. அந்நிறுவனமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் இணைந்து 1966இல் திரான்சிஸ்டர்க் கணனியொன்றைத் தாமே ஆக்கின.

கல்கத்தா சுயமாக ஆக்கத் துணிந்த அக்காலத்திலேயே மொஸ்கோ எதிர்த்திசையில் திரும்பியது. ஒரு தொழிற்சாலையின் பொறிக்கு எழுதிய நிரல் மற்றதில் இயங்கவில்லை. அமெரிக்க ஐ.பி.எம். 360க்கோ ஆயத்த நிரல்கள் மலிந்திருந்தன. எனவே அதனையே நகலெடுக்க 1960களின் பிற்பகுதியில் அரசு தீர்மானித்தது. லெபெதேவ் எதிர்த்தார்; அதிகாரிகள் செவிமடுக்கவில்லை. முதலாளித்துவத்தை முந்துவோம் என்றவர்கள் அதன் பழைய மாதிரிகளின் பின்னே நடக்கலாயினர். அடுத்த தசாப்தத்தில் இன்டெலின் 8080 நுண்செயலியும் அவ்வாறே நகலாயிற்று. லெபெதேவின் சொந்த ஆக்கமான 'பெஸ்ம்-6' மட்டும் 1987 வரை உற்பத்தியாகி வந்தது.