வாஷிங்டன் நகரின் டன்பார் உயர்நிலைப் பள்ளி: ஏற்றமும் இறக்கமும்

ஒரு பள்ளியின் பெயரைக் கேட்டதும் அதன் தேர்ச்சி விழுக்காட்டை வினவுவது நம் குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. அங்கே பயில்வோர் எந்தத் தெருவினர், எத்தகைய வீட்டினர் என்று தாழ்ந்த குரலில் விசாரிப்போரும் உண்டு. இவ்விரண்டையும் முடிச்சுப்போட்டு, 'இந்தப் பிள்ளைகள் படித்தால் இப்படித்தான் இருக்கும்' என்று தீர்ப்புரைப்பவர்களுக்கு, அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனின் ஓர் அரசுப் பள்ளியின் வரலாற்றை எடுத்துக்காட்டலாம் என நினைக்கிறோம்.

அடிமை முறை ஒழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1870இல், அந்நகரின் பதினைந்தாம் தெருவிலிருந்த ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கப்பட்டது. அந்நாட்டில் அம்மக்களுக்கென அரசு நடத்திய முதல் உயர்நிலைப் பள்ளி அதுவே. 1891இல் சொந்தக் கட்டடம் கிடைத்தபோது 'எம் தெருப் பள்ளி' என்று பெயர் பெற்றது. 1916இல் புதிய கட்டடத்திற்கு மாறியபோது, கவிஞர் பால் லாரன்ஸ் டன்பாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

அப்பள்ளியில் பாடம் நடத்தியவர்களைப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். தொடக்க காலத் தலைமையாசிரியரான மேரி ஜேன் பேட்டர்சன், இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணிகளுள் ஒருவர். அவருடைய பணிக்காலத்தின் இடையே ஓராண்டு அப்பொறுப்பை வகித்த ரிச்சர்ட் கிரீனர், ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர் கார்ட்டர் வுட்சனும் இங்கே ஆசிரியராக இருந்தார். 1921இல் அந்நாட்டில் முதன்முதலாக முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்கள் மூவர். அம்மூவருமே இப்பள்ளியில் படித்தவர்கள் அல்லது கற்பித்தவர்கள்.

இத்தகையோர் உயர்நிலைப் பள்ளியில் வந்து சேர்ந்ததன் காரணம் கசப்பானது. எவ்வளவு படித்தாலும் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு வேலை தரவில்லை. வாஷிங்டன் பள்ளிகளோ நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸின் அதிகாரத்தின் கீழ் இருந்தன. அங்கே இரு இனத்து ஆசிரியர்களுக்கும் ஒரே ஊதியம். மற்ற வாயில்கள் அடைபட்டதால் ஒரு வாயிலில் அறிஞர்கள் குவிந்தார்கள். அநீதி விதைத்ததைப் பள்ளி அறுவடை செய்தது என்றே சொல்ல வேண்டும்.

ஆனா ஜூலியா கூப்பர் என்ற அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். 1902இல் தலைமையாசிரியராகி, தம் மாணவர்களை ஹார்வர்டு, பிரவுன் போன்ற உயர்கல்வி நிலையங்களுக்கு அனுப்பினார். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழிற்பயிற்சி போதும், இலத்தீன் எதற்கு என்று கருதியோர் அக்காலத்தில் மிகப் பலர். பாடத்திட்டத்தை அவ்வாறு தாழ்த்த அவர் இசையவில்லை. அதையொட்டி எழுந்த பூசலில் 1906இல் பதவியை இழந்தார். சில ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்குச் சாதாரண ஆசிரியராகத் திரும்பி வந்து, அதே இலத்தீனைக் கற்பித்தார். 1925இல், அறுபது வயதைக் கடந்தபின், பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

பொருளியலறிஞர் தாமஸ் சோவல் இப்பள்ளியின் பழைய ஆவணங்களை ஆராய்ந்து 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1899இல் நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஒரு தேர்வில், எம் தெரு மாணவர்கள் மூன்று வெள்ளையர் பள்ளிகளுள் இரண்டை விஞ்சினார்கள் என்கிறார் அவர். 'அங்கே படித்தவர்கள் எல்லாம் மருத்துவர், வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைகள்தாமே' என்று அலட்சியமாகச் சொல்வோருக்கும் அவரிடம் விடையுண்டு. 1892-93ஆம் கல்வியாண்டில் தொழில் பதிவான பெற்றோருள் 51 பேர் கூலித் தொழிலாளர்கள். மருத்துவர் ஒருவர் மட்டுமே.

இருப்பினும், எல்லாப் பிள்ளைகளும் அங்கே சென்றுவிடவில்லை. கல்லூரியை நாடியவர்களே நகரெங்கிலுமிருந்து டன்பாருக்கு வந்தனர். தொழிற்கல்வியை நாடியவர்களுக்கு ஆம்ஸ்ட்ராங் பள்ளி இருந்தது. நிறத்திலும் வசதியிலும் மேலோங்கியவர்களுக்கே டன்பாரில் மதிப்பு என்ற மனக்குறை கறுப்பினத்தவரிடையே நெடுங்காலம் நிலவியது. அதைப் பொறாமை என்று தள்ளிவிட முடியாது.

அம்மனக்குறையின் நியாயம் 1947இல் வெளிப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பிரவுன் நடுநிலைப் பள்ளியில் கட்டடத்தின் கொள்ளளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு மாணவர்கள் நெருக்கியடித்துப் படித்தார்கள். காலை ஒரு கூட்டமும் மாலை ஒரு கூட்டமுமாக வகுப்புகள் நடந்தன. அப்பெற்றோரைத் திரட்டியவர் கார்டனர் பிஷப் என்ற முடிதிருத்துநர். தம் இனத்தின் மேட்டுக்குடியினர்மீதே அவருக்கு நம்பிக்கை இல்லை. அப்படிப்பட்டவர் உதவி நாடிச் சென்றது சார்லஸ் ஹூஸ்டன் என்ற வழக்கறிஞரிடம். ஹூஸ்டன் எம் தெருப் பள்ளியின் மாணவர். இனப் பாகுபாட்டுச் சட்டங்களை நீதிமன்றத்தில் தகர்க்கும் வியூகத்தை வகுத்தவர். கட்டணம் பெறாமலே அவ்வேழைப் பெற்றோருக்காக உழைத்தார். 1950 ஏப்ரலில் அவர் மறைந்தார். அதற்கு முன்பே, நோயுற்ற நிலையில், வழக்கை ஜேம்ஸ் நாப்ரிட் என்பவரிடம் ஒப்படைத்திருந்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் பிஷப் 11 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, வெள்ளையருக்கெனப் புதிதாகக் கட்டப்பட்ட சூசா நடுநிலைப் பள்ளியின் வாயிலில் நின்றார். அங்கே வகுப்பறைகள் வெறுமையாகக் கிடந்தும் அனுமதி மறுக்கப்பட்டது. அதிலிருந்து எழுந்ததே போலிங் வழக்கு. 1954 மே 17 அன்று, புகழ்பெற்ற பிரவுன் வழக்குத் தீர்ப்பு வெளியான அதே நாளில், தலைநகரப் பள்ளிகளிலும் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்புக்குப்பின் டன்பார், நகர் முழுமைக்குமான பள்ளி என்ற நிலையை இழந்தது. தன்னைச் சூழ்ந்த தெருக்களின் பிள்ளைகளுக்கு மட்டும் அது வட்டாரப் பள்ளியாயிற்று. அத்தெருக்கள் வறுமையில் வாடியவை. மூத்த ஆசிரியர்கள் ஓய்வு பெற்றனர். அவர்களைப்போன்ற இளைஞர்களுக்கோ வேறு கதவுகள் திறக்கத் தொடங்கியிருந்தன. வெள்ளைக் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன. 1950இல் நகர மக்களுள் 35 விழுக்காட்டினராக இருந்த கறுப்பினத்தவர் 1970இல் 71 விழுக்காட்டினர் ஆயினர். அரசுப் பள்ளிகளிலோ 1960களின் பிற்பகுதியிலேயே பத்தில் ஒன்பது பங்குக்குமேல் அவர்கள்தாம். சில ஆண்டுகளில் டன்பாரின் கல்வித்தரம் சரிந்தது.

முன்பு அங்கே பயின்றவர்கள் முழுக்கக் கறுப்பினத்தவர்; பின்பு பயின்றவர்களும் ஏறக்குறைய முழுக்க அவர்களே. ஆகவே இச்சரிவுக்கு இனத்தைக் காரணம் காட்ட வழியில்லை. மாறியவை வேறு: யார் தேர்ந்து வந்தார்கள், யார் கற்பித்தார்கள், வீட்டில் எவ்வளவு வறுமை என்பவை. பழைய டன்பாரை எண்ணி ஏங்குவோர் பிரவுன் பள்ளியின் நெரிசலையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரு பள்ளியின் புகழுக்காக அச்சட்டம் நீடித்திருக்கலாம் என்று நம்மால் சொல்ல இயலாது.

நகர நிர்வாகம் வேறொரு வழியையும் முயன்று பார்த்தது. தேர்வு மதிப்பெண்ணைக்கொண்டு மாணவர்களை நான்கு தடங்களாகப் பிரித்தார்கள். ஏழைப் பிள்ளைகளே பெரிதும் கீழ்த்தடங்களில் தேங்கினார்கள். ஜூலியஸ் ஹாப்சன் என்ற போராளி தொடுத்த வழக்கில், 1967இல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் அம்முறைக்குத் தடை விதித்தார்.

டன்பாரின் 1916ஆம் ஆண்டுக் கட்டடம், பழைய மாணவர்கள் எதிர்த்தும், 1970களில் இடிக்கப்பட்டது. அதற்கு மாற்றாக எழுந்ததில் வகுப்பறைகளுக்கிடையே சுவர்களே இல்லை; அது அக்காலக் கல்வியாளர்களின் புது மோகம். பக்கத்து வகுப்பின் இரைச்சலில் பாடம் கேட்பது எப்படி என்று அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 2013இல் மீண்டும் ஒரு புதிய கட்டடம் வந்தது. பள்ளி இன்றும் அவ்வட்டாரப் பிள்ளைகளுக்கான பள்ளியாகவே நடக்கிறது.

இதற்கிடையே, 1981இல் பெஞ்சமின் பானகர் என்ற கறுப்பின வானியலறிஞரின் பெயரில் அதே நகர நிர்வாகம் ஓர் உயர்நிலைப் பள்ளியைத் திறந்தது. நகரின் எந்தப் பகுதியிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கே இடம். அதன் மாணவர்களும் பெரும்பான்மை கறுப்பினத்தவரே. நகரின் சிறந்த தேர்வு முடிவுகளுள் அதன் முடிவுகளும் உண்டு. அங்கே இடம் கிடைக்காத பிள்ளைகள் தத்தம் வட்டாரப் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். டன்பாரும் அவற்றுள் ஒன்று.