நூற்றில் ஒரு பங்கு

விளக்கின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் எரிபொருளின் வரலாற்றையே எழுதினர். நெய், தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், மின்சாரம் எனத் தொடரும் அவ்வரலாற்றிலே, ஒளிரும் பொருளினுள் மறைந்து கிடக்கும் சிறு கலப்புக்கு இடம் கிடைப்பதில்லை. ஆயினும் 1891ஆம் ஆண்டிலும் 1996ஆம் ஆண்டிலும் விளக்கொளியில் நிகழ்ந்த இரு பெருமாற்றங்களும் சீரியம் என்னும் ஒரே மூலகத்தின் துணையின்றி நிகழ்ந்திரா. இரண்டிலும் அது மிகச் சிற்றளவிலேயே சேர்க்கப்பட்டது. அவ்வளவு கூடினால் ஒளி ஏன் பெருகுவதில்லை என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஒஸ்திரிய இரசாயனவியலாளர் காள் அவுவர் 1885ஆம் ஆண்டளவில், பருத்தி வலையை அருமண் உப்புக் கரைசலில் தோய்த்து எரித்து, எஞ்சிய ஒட்சைட்டுக் கூட்டை வாயுச் சுவாலையின்மேல் நிறுத்தி ஒளி பெற்றார். நம் ஊர்த் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் ஒரு காலத்தில் இரைந்தெரிந்த பெற்றோமாக்ஸ் விளக்கின் மாண்டில் இதன் வழிவந்ததே. முதலில் உருவான வலை பச்சை சார்ந்த ஒளியைத் தந்தது, எளிதில் உடைந்தது, வணிகத்தில் தோற்றது. பின்னர் அவுவர் தோரியம் ஒட்சைட்டை நாடினார். பொருளைத் தூய்மையாக்குந்தோறும் ஒளி பெருகும் என எதிர்பார்ப்பது இயல்பு. நிகழ்ந்ததோ அதன் மறுதலை. தூய்மை ஏற ஏற ஒளி குன்றிற்று. கழித்தெறிந்த மாசிலேதான் ஒளியின் காரணம் இருந்தது. அம்மாசு சீரியம். 99 பங்கு தோரியம் ஒட்சைட்டு, 1 பங்கு சீரியம் ஒட்சைட்டு என்ற கலவை 1891இல் நிலைபெற்றது.

ஒரு பங்கு மட்டும் ஏன்? தோரியம் ஒட்சைட்டு வெப்பக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும். ஆதலின் சுவாலையில் அது மிகுந்த வெப்பநிலையை எய்தும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியை வீசுவது சீரியம். அது போதாதாயின் ஒளி மங்கும். மிகுமாயின் வெப்பக் கதிரும் பெருகி, வலை குளிர்ந்து, ஒளி தாழும்.

இவ்வலைக்கு வேண்டிய மொனசைட்டு மணல் முதலிற் பிரேசிற் கரையிலிருந்து சென்றது. 1909இல் சொம்பேர்க் என்னும் ஜேர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தும்பில் ஒட்டியிருந்த மணலில் மொனசைட்டைக் கண்டார். அடுத்த ஆண்டிலே, இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. தும்பு வணிகருக்கு அழுக்காயிருந்தது விளக்கு வணிகருக்குச் செல்வமாயிற்று. கரையில் வாழ்ந்த மக்களுக்கு அதில் எத்துணைப் பங்கு கிடைத்தது என்ற வினாவை விளக்கின் வரலாற்றாசிரியர்கள் எழுப்புவதில்லை.

இதே காலத்தில், வெப்பமின்றி ஒளிரும் பொருள்களிலும் மாசின் பணி தெளிவாகி வந்தது. 1889இல் கிளாற், லெனாட் ஆகிய இருவரும், காரமண் சல்பைட்டுகளின் ஒளிர்வுக்கு அவற்றிற் கலந்த செம்பு, பிசுமது போன்ற உலோகங்களின் சுவடுகளே காரணம் எனக் காட்டினர். கிளாற், லெனாட்டின் பள்ளி ஆசிரியர். நோபல் பரிசு பெற்ற லெனாட் பிற்காலத்தில் நாற்சிகளுக்குத் துணைநின்று, இயற்பியலை யூதரின் பங்களிப்பு என்னும் “மாசிலிருந்து” தூய்மைப்படுத்த முனைந்தார் என்பதையும் மறத்தற்கில்லை.

சேர்க்கப்படும் உலோகம் மிகுந்தால் ஒளிர்வு தணிவது ஏன் என்பதற்கு டெக்ஸ்ரர், ஷூல்மன் ஆகியோர் 1954இல் கோட்பாட்டு விளக்கம் தந்தனர். ஒளிரும் அயன்கள் தூரத் தூர இருக்கையில், ஒவ்வொன்றும் தான் பெற்ற சக்தியைத் தானே ஒளியாக்கும். அவை நெருங்கிவிட்டால் சக்தி ஓர் அயனிலிருந்து அயலதற்குத் தாவும். அவ்வாறு தாவித் தாவிப் பளிங்கின் குறையுள்ள ஓர் இடத்தை அடைந்து, அங்கு வெப்பமாய்க் கழியும். ஒளி தரும் அயன்களைப் பெருக்கியதே ஒளி கெடுவதற்கு வழியாகும்.

1967இல் ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் பிளாசே, பிறில் ஆகியோர், இற்றியம் அலுமினியம் ஒட்சைட்டுப் பளிங்கிற் சீரியத்தைப் புகுத்தி மஞ்சள் ஒளி பெற்றனர். அவர்கள் கருதியது கதோட்டுக் கதிர்க் குழாயை, வீட்டு விளக்கையன்று. விளக்காவதற்கு நீல ஒளி வேண்டியிருந்தது. 1993இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் நகமுரா பிரகாசமிக்க நீல ஒளிகாலும் இருவாயியை ஆக்கினார். நிச்சியா தோன்றியதே ஒளிர்பொடிகளுக்கு வேண்டிய இரசாயனங்களை விற்பதற்கு. ஆதலின் நீலமும் மஞ்சளும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தன. 1996இல் வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கு சந்தைக்கு வந்தது.

இப்பொடியில் இற்றியத்தின் இடங்களுள் வழக்கமாக நூற்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 3 வரையே சீரியத்துக்கு விடப்படும். மாண்டிலின் ஒரு பங்கு எடையால் அளந்தது. இது பளிங்கின் இடங்களால் எண்ணியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் பிழை. காரணமும் வேறு: அங்கு வெப்பக் கதிர், இங்கு சக்தியின் தாவல். மேலும் இங்குச் சீரியம் கூடுந்தோறும் மஞ்சள் செம்மை நோக்கி நகரும். வீட்டுக்கு இதமான வெள்ளை வேண்டுவோர்க்கு இது நன்றே. ஆயின் செறிவு மிகுந்த பொடி, விளக்குச் சூடேறியதும் விரைவில் ஒளி இழக்கும். நிறமா, ஒளியா என்ற பேரம் ஒவ்வொரு விளக்கினுள்ளும் பேசி முடிக்கப்பட்டதாகும். 2014ஆம் ஆண்டின் நோபல் பரிசு நீல ஒளியை ஆக்கிய அகசாக்கி, அமனோ, நகமுரா ஆகிய மூவருக்கும் சென்றது. மஞ்சட் பொடியை அதனோடு இணைத்த ஷிமிசுவின் பெயரைக் காப்புரிமைப் பத்திரங்களிலேதான் தேட வேண்டியுள்ளது.