தூசியும் துயரும்: தங்கவயல் நோய்க்கணக்கில் விடுபட்ட பக்கம்

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் கோலார் தங்கவயலில் உற்பத்தியை நிறுத்தியது. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கால்பதித்த நாள் தொட்டு நூற்றிருபது ஆண்டுகள் நீண்ட சுரங்க வரலாறு அன்றோடு முடிந்தது. அப்போது எஞ்சியிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தனர். வெட்டியெடுத்த தங்கத்துக்குக் கணக்கு உண்டு. வெட்டியவர்களின் உடலில் தங்கிய நோய்க்கு எழுதப்பட்டதோ பாதிக் கணக்குதான்.

அந்தப் பாதி, நுரையீரலைப் பற்றியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. அங்கு இறங்கியவர்கள் பெரும்பாலும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். படிகப்பாறையைத் துளையிட்டு வெடிவைத்துத் தகர்க்கும்போது எழும் நுண்ணிய சிலிகாத் தூசி நுரையீரலில் படிந்து, திசுவைத் தழும்பாக இறுக்கிவிடும். இதுவே சிலிகோசிஸ். 1940-இல் மைசூர் அரசு இந்நோய்க்கென விதிகள் வகுத்தது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில், நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் இந்நோய்க்கு ஆளாகியிருந்தமை தெரியவந்தது. எக்ஸ்ரே படத்தில் தழும்பு தெரிந்தால் அது நோய். அதற்கு இழப்பீடு உண்டு.

ஆனால் நோய் நுரையீரலோடு நிற்பதில்லை. தழும்பேறிய நுரையீரலுக்குள் குருதியைச் செலுத்த இதயத்தின் வலப்பக்கம் ஆண்டுக்கணக்கில் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. முதலில் தசை தடிக்கிறது, பின்னர் தளர்கிறது. கால்கள் வீங்குகின்றன, கல்லீரல் பெருக்கிறது, நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. சுரங்கத்தை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் கழித்தும் சிலிகோசிஸ் முற்றக்கூடும். ஆகவே பணிக்காலத்தில் எடுத்த எக்ஸ்ரே படம், ஓய்வுக்காலத்தில் வரும் இதயத் தளர்ச்சியைச் சொல்லாது.

இதயத் தளர்ச்சிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவு இக்கணக்கின் அடுத்த அடுக்கு. மனத்தின் கலக்கம் இதயத்தை எட்டுகிறது என்பதைக் குருதிச் சுற்றோட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வியே 1628-இல் குறிப்பிட்டார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான மதிப்பீடு, இதயத் தளர்ச்சி நோயாளிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டது. அத்தகையோரிடையே இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடுதல். மனச்சோர்வு அழுத்த இயக்குநீர்களையும் உடலின் அழற்சியையும் மிகுவிக்கிறது. மாத்திரை உண்பது, உப்பைக் குறைப்பது, நடப்பது போன்ற அன்றாட ஒழுங்குகளையும் அது குலைக்கிறது. மறுபுறம், இயலாமையும் உறக்கமின்மையும் மனச்சோர்வை ஆழப்படுத்துகின்றன. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் வட்டம் இது.

மருந்தால் மட்டும் இவ்வட்டத்தை உடைக்க முடியுமா? இதயத் தளர்ச்சியோடு மனச்சோர்வும் உடையோரிடம் செர்ட்ராலினைச் சோதித்த ஆய்வு 2010-இலும், எஸ்சிட்டலோப்ராமைச் சோதித்த ஆய்வு 2016-இலும் வெளியாயின. இரண்டிலும் அம்மருந்துகள் வெற்று மாத்திரையைவிட மேலான பயன் தரவில்லை. இவை தங்கவயல் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுகள் அல்ல. சிலிகோசிஸ் வழி வரும் இதயநோய்க்கு இவற்றை அப்படியே பொருத்துவதும் முறையாகாது. எனினும் நோயாளியின் வாழ்நிலையை ஒதுக்கிவிட்டு மனச்சோர்வை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது போதாது என்பதை இவை உணர்த்துகின்றன.

தங்கவயலின் வாழ்நிலையோ முழுவதும் சுரங்கத்தைச் சார்ந்திருந்தது. குடியிருப்பு, குடிநீர், 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரம், சாம்பியன் ரீஃப் மருத்துவமனை ஆகிய எல்லாமே சுரங்கத்தோடு பிணைந்தவை. மைசூரில் பிரித்தானிய ரெசிடென்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயர் தாங்கிய ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியும் சுரங்கக் கூலியை நம்பியே செழித்தது. 2001-க்குப் பின் கூலி நின்றது, மருத்துவமனையும் மூடப்பட்டது. 2021-இல் கொரோனா அலையின்போதுதான் அக்கட்டடம் துப்புரவாகி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. உடல்வலு இருந்தவர்கள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பினர். மூச்சு வாங்கியவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

ஆஸ்திரியாவின் மரியன்டால் என்னும் ஆலைச் சிற்றூரைப் பற்றி 1933-இல் வெளியான ஆய்வு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. ஆலை மூடியபின் அவ்வூர் மக்களின் நடை தளர்ந்தது. நூலகத்திலிருந்து இலவசமாகக் கிடைத்த நூல்களைக்கூடப் படிப்போர் குறைந்தனர். வேலையிழப்பு வருவாயை மட்டுமன்றி நாளின் ஒழுங்கையும் பறிக்கிறது என்பதே அவ்வாய்வின் முடிவு.

மனச்சோர்வை வாய்விட்டுச் சொல்வதும் எளிதன்று. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை நோயாளிகளைக் கொண்டு 1996-இல் வெளியான ஓர் ஆய்வு, மனச்சோர்வின் அறிகுறிகளை இழுக்காகக் கருதியவர்கள் உடல்வலியை அவ்வாறு கருதவில்லை என்று காட்டியது. களைப்பு, உறக்கமின்மை, பசியின்மை ஆகியவை இதயத் தளர்ச்சிக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவான அறிகுறிகள். பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் இவற்றைச் சொல்லும்போது, அவருடைய எக்ஸ்ரே படமே எல்லாவற்றுக்கும் விடையாகிவிடக்கூடும். கேட்கப்படாத துயரம் நுரையீரல் நோயின் கணக்கிலேயே கரைந்துபோகும்.

எனவே தங்கவயலின் உழைப்பு வரலாற்றை எழுத வருவோர், சங்கப் போராட்டங்களோடும் உற்பத்திப் புள்ளிவிவரங்களோடும் நிறுத்திக்கொள்ளாமல் இழப்பீட்டுக் கோப்புகளையும் மருத்துவப் பதிவேடுகளையும் தேடிப் படிக்க வேண்டும். கணவரின் கடைசி ஆண்டுகளை அருகிலிருந்து பார்த்த பெண்களின் வாய்மொழியையும் பதிவுசெய்ய வேண்டும். இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சுவிட்டவரின் மனநிலைக்கு அவர்களைவிட நெருங்கிய சாட்சி இல்லை. அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. காலந்தாழ்த்தினால் விடுபட்ட பக்கம் விடுபட்டதாகவே நிற்கும்.