இல்லத்தில் தூய்மைக்குரிய இடம்: மதீனாவிலிருந்து சஃப்ரன்போலு வரை

புதுமனை கட்ட நாடும் நம் சகோதரர்கள் வரைபடத்தை விரித்துவைத்துப் பேசும்போது, வரவேற்பறையின் அகலமும் மாடிப்படியின் திசையும் நெடுநேரம் ஆராயப்படுகின்றன. குளியலறைக்கோ பெரும்பாலும் எஞ்சிய மூலையே கிடைக்கிறது. தூய்மையின்றித் தொழுகை இல்லை என்பதை அறிந்த நாம், அத்தூய்மையைப் பெறும் இடத்தைக் கடைசியாகச் சிந்திப்பது வியப்புக்குரியது.

இதன் விளைவு சிறிதன்று. கூட்டுக்குடும்பத்துக்கு மணமாகி வந்த மருமகள், வைகறையில் மாமனாரும் கொழுந்தனும் உறங்கும் கூடத்தைக் கடந்து பொதுக் குளியலறைக்குச் செல்ல நாணி, கடமையான குளிப்பைத் தள்ளிப்போடுகிறாள்; சுப்ஹுத் தொழுகை தவறிப்போகிறது. முழங்கால் வலியுள்ள பெரியம்மா, ஈரத் தரையில் ஒற்றைக் காலில் நின்று மற்றொரு காலைக் கழுவ அஞ்சுகிறார். இவற்றை ஈமானின் குறை என்பதா, வீட்டின் குறை என்பதா? நமக்கு முன் வாழ்ந்தவர்கள் இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதை வரலாற்றில் காண்போம்.

மதீனாவின் தொடக்கக் காலம்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மதீனா வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் வீடுகளை ஒட்டிக் கழிப்பிடங்கள் இருக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு சுமத்தப்பட்ட நிகழ்வை விவரிக்கும் நீண்ட ஹதீஸில் இச்செய்தி இடம்பெறுகிறது. அன்றைய பெண்கள் இயற்கைத் தேவைக்காக ஊருக்கு வெளியே இருந்த திறந்தவெளிக்கு இரவில் மட்டுமே சென்றார்கள். வீட்டருகே கழிப்பிடம் அமைப்பதை அருவருப்பாகக் கருதிய பழைய அரபு வழக்கமே அதற்குக் காரணம். பின்னர் வீட்டருகே கழிப்பிடங்கள் அமைந்தன என்பதும் அவர்கள் கூற்றிலிருந்தே தெரிகிறது. வழக்கம் மாறியது, பெண்களின் இன்னலும் குறைந்தது.

கழிப்பிடம் வீட்டை நெருங்கியபோது திசை பற்றிய கேள்வியும் உடன்வந்தது. இயற்கைத் தேவையின்போது கிப்லாவை முன்னோக்கவோ பின்னோக்கவோ வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தவர்களுள் ஒருவர் அபூ அய்யூப் அல்அன்சாரீ (ரலி). அவர்கள் ஷாம் நாட்டுக்குச் சென்றபோது, அங்கிருந்த கழிப்பிடங்கள் கிப்லாவை நோக்கிக் கட்டப்பட்டிருக்கக் கண்டார்கள். இயன்றவரை திரும்பி அமர்ந்து, அல்லாஹ்விடம் மன்னிப்பும் கோரினார்கள். கட்டியவர் செய்த தவற்றைப் பயன்படுத்துபவர் ஒவ்வொரு நாளும் சுமக்க நேர்ந்ததற்கு இது ஒரு சான்று.

மறுபுறம், தம் சகோதரி அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டு மாடியிலிருந்து தற்செயலாகக் கண்டதை இப்னு உமர் (ரலி) அறிவித்துள்ளார்கள். நபியவர்கள் இரு செங்கற்களின்மீது பைத்துல் மக்திஸை நோக்கி அமர்ந்திருந்தார்கள் என்பது அச்செய்தி. இதனால் கட்டடத்துக்குள் இந்த விலக்கு இல்லை என ஷாஃபிஈ மத்ஹபினர் கொண்டனர். கட்டடத்துக்குள்ளும் விலக்கு உண்டு என ஹனஃபீ மத்ஹபினர் கொண்டனர். இரு சாராரும் வாழும் நம் ஊர்களில், வரைபடத்திலேயே திசையைச் சரிசெய்துவிட்டால் எவர் மனத்திலும் ஐயம் எழாது.

குளிக்குமிடத்திலேயே சிறுநீர் கழிக்க வேண்டாம் என்றும், மன ஊசலாட்டம் அதனால் விளைகிறது என்றும் ஒரு நபிமொழி உண்டு. இதைத் தம் நூலில் பதிவுசெய்த இமாம் இப்னு மாஜா, தம் ஆசிரியர் அத்தனாஃபிஸீ தந்த விளக்கத்தையும் சேர்த்துள்ளார். முற்காலக் குளியலிடம் மண்ணில் தோண்டிய குழி; நீர் அங்கேயே தேங்கும். தம் காலத்திலோ தரை சாந்தும் கீலும் பூசப்பட்டது; நீர் ஊற்றினால் வழிந்தோடிவிடும்; ஆகவே குற்றமில்லை என்றார் அவர். தரையின் வாட்டமும் வடிகாலும் மார்க்க அறிஞரின் கவனத்துக்குரியவையாக அன்றே இருந்தன.

அலமாரிக்குள் ஒரு குளியலறை

ஷாமில் திரும்பி அமர்ந்த அபூ அய்யூப் (ரலி) அவர்கள் முதுமையில் கான்ஸ்டாண்டிநோபிள் படையெடுப்பில் பங்கேற்று, அந்நகர மதிலருகே அடக்கமானார்கள். 1453-இல் அந்நகரை வென்ற உஸ்மானியத் துருக்கியர் அவர்களைப் பெரிதும் போற்றினர். நாம் மேலே கேட்ட கேள்விக்கு நேரிய விடை கண்டவர்களும் அந்தத் துருக்கியரே.

துருக்கியின் வடபகுதியில் உள்ள சஃப்ரன்போலு என்னும் பழைய வணிக நகரை 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லாலான கீழ்த்தளமும் மரச்சட்டத்தாலான மேல்தளங்களும் கொண்ட அவ்வீடுகளில் பெற்றோரும் மணமான மக்களும் ஒன்றாக வாழ்ந்தனர். நடுவே பொதுக்கூடம், அதைச் சுற்றி அறைகள், ஒவ்வோர் அறையும் ஒரு தம்பதியருக்குரியது. பகலில் அமர்வதும் உண்பதும் இரவில் உறங்குவதும் அதே அறையில்தான்.

அதற்கு வழிசெய்தது சுவரளவு நீண்ட மர அலமாரி. விடிந்ததும் மெத்தையும் போர்வையும் அதனுள் அடுக்கப்படும். அந்த அலமாரியின் ஒரு கதவைத் திறந்தால், ஒருவர் நின்றோ அமர்ந்தோ குளிக்கத்தக்க சிறு கூடு இருக்கும். குஸ்ல், ஹானா ஆகிய இரு சொற்களும் இணைந்து ‘குசுல்ஹானே’ என்று அது பெயர்பெற்றது. நீர் புகாத தரை, வெளியே செல்லும் வடிகால், அதே அறையின் அடுப்பில் சூடேறிய நீர் ஆகியவையே அதன் அமைப்பு. கதவை மூடினால் அங்கு அலமாரி மட்டுமே தெரியும்.

அந்நகரில் 17-ஆம் நூற்றாண்டுப் பொதுக் குளியல் மாளிகையும் உண்டு. எனினும் வைகறைக்கு முன் குளிக்க வேண்டிய தம்பதியர் எவர் கண்ணிலும் படாமல் தூய்மையடைய, அறைக்குள்ளேயே வழி தேவைப்பட்டது. இவ்வளவு சிறிய கூடு போதுமானதாக இருந்ததற்கு நபிவழியே சான்று. நபியவர்கள் ஒரு முத்து நீரில் ஒளு செய்தார்கள். ஒரு ஸாவு, அதாவது நான்கு முத்து முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தார்கள். ஒரு ஸாவு ஏறக்குறைய 3 லிட்டர்தான்.

கழிப்பிடத்தை அவர்கள் அறைக்குள் கொண்டுவரவில்லை. அது கூடத்தின் ஒதுக்குப்புறத்தில் தனியே இருந்தது. குளிப்பு, கழிப்பு, பொருள்களை வைத்தல் ஆகிய மூன்றும் தத்தம் இடத்தில் நின்றன.

நமக்கு எஞ்சும் பாடம்

உஸ்மானிய வீட்டை நாம் அப்படியே கட்ட வேண்டியதில்லை. அவர்கள் சிந்தித்த வரிசையைப் பின்பற்றினால் போதும். முதலில் யார், எந்நேரம், எதற்காகப் பயன்படுத்துவார் என்று எண்ணினார்கள். பிறகே இடத்தை வகுத்தார்கள்.

மணமான மக்களின் அறையை ஒட்டி, மிகச் சிறியதாயினும், ஒரு குளியலிடம் அமையட்டும். கழிப்பிடமும் குளியலிடமும் ஒரே அறையில்தான் அமையுமெனில், இடையே அரைச்சுவரோ உயர்ந்த விளிம்போ எழுப்பி, கழிப்பிடப் பக்கத்தை உலர்ந்ததாக வைப்போம். நம் நாட்டில் கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்காக இருப்பதால், கழிப்பிடப் பீடத்தை வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைக்குமாறு கொத்தனாரிடம் குழாய் பதிக்கும் முன்பே கூறிவிடுவோம். ஒளுவுக்கெனக் கழிவறைக்கு வெளியே தாழ்ந்த குழாயும் அமர ஒரு திண்ணையும் அமைத்தால், முதியோர் வழுக்கி விழும் அச்சம் நீங்கும்.

பொருள்களை வைக்கும் இடத்தையும் சுவர் எழும்போதே தீர்மானிக்க வேண்டும். மாற்றுடையும் துண்டும் நீர் தெறிக்காத உயரத்தில், கதவுக்கு அருகே, கை நனையுமுன் எட்டும்படி இருக்கட்டும். சோப்புக்கும் எண்ணெய்க்கும் சுவரிலேயே சிறு மாடங்கள் விடலாம். ஃபினாயில், அமிலம் போன்றவற்றைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய தனிமாடத்தில் வைப்போம். தொழுகைக்கான ஆடையும் விரிப்பும் குளியலறைக்கு வெளியே, உலர்ந்த அலமாரியில் இருக்கட்டும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. வரைபடத்தின்மீது ஒருநாள் கூடுதலாக அமர்ந்தால் போதும். அன்று வீட்டுப் பெண்களையும் முதியோரையும் உடன் அமர்த்திக் கேட்பது நம் கடமை. நாணத்தாலோ அச்சத்தாலோ ஒரு தொழுகையும் தவறாத இல்லங்களைக் கட்ட அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.